சின்ன துரையும் சில்லறைக் கங்காணியும்: ஒரு துணைப் பயிற்சியாளரை முன்வைத்து

எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ‘அசிஸ்டென்ட்’ என்பதற்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று சின்ன துரை, இன்னொன்று சில்லறைக் கங்காணி. இருவரும் தங்களுக்கு மேலே உள்ள ஒருவரின் சொல்லைக் கேட்டு நடப்பவர்கள்தான். ஆனால் சின்ன துரை சில வருடங்களில் பெரிய துரை ஆகிவிடுவார். அவர் பங்களாவுக்குப் பெட்டியோடு வந்து இறங்கிய நாளிலேயே அது எல்லோருக்கும் தெரியும். சில்லறைக் கங்காணியோ இருபது ஆள், முப்பது ஆளை வைத்து வேலை வாங்கி, கடைசிவரை சில்லறைக் கங்காணியாகவே இருப்பார். இலங்கைத் தோட்டங்களில் பெரிய கங்காணிகள் பெரும்பாலும் சாதிச் செல்வாக்கு உள்ளவர்கள். அவர்கள் கொண்டுபோன ஆட்களில் பெரும்பகுதி நம் மக்கள். நம் ஆட்களில் ஒருவர் எட்டக்கூடிய உயரம் ‘சில்லறை’ வரைதான்.

இன்று கங்காணி என்ற பதவி இல்லை. கங்காணிமுறை போய்விட்டதா என்பதுதான் கேள்வி. இந்த முறை அந்தக் கேள்வி எங்களிடம் ஒரு கூடைப்பந்து மைதானத்திலிருந்து வந்தது.

ஸ்ரீமதுரை ஊராட்சியில் மாலைநேரப் படிப்பு மையம் நடத்துகிற நாலைந்து பேர் நாங்கள். வயலும் இஞ்சியும் காப்பியும் தேயிலையும் கலந்த ஊர். முதுமலைக் காட்டை ஒட்டியிருப்பதால் ஆறு மணிக்கு மேல் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப முடியாது. பலாப்பழ காலத்தில் ஐந்து மணிக்கே யானை பயம். பணியர், காட்டுநாயக்கர், செட்டிமார், மலையாளிகள், பிறகு 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து இறங்கிய நம் குடும்பங்கள் என்று எல்லோரும் இருக்கிறார்கள். மையத்துக்கு வருகிற பிள்ளைகள் தமிழும் மலையாளமும் பணிய மொழியும் கலந்து பேசும். விளையாட்டு என்றால் வாலிபால், இல்லையென்றால் கால்பந்து. இரண்டு கம்பும் ஒரு வலையும் போதும், மேடு பள்ளமான தரையிலும் ஆடிவிடலாம்.

கூடைப்பந்து அப்படியல்ல. 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்துக்குக் கெட்டியான சமதளம் வேண்டும். பந்து தரையில் பட்டு அதே உயரத்துக்கு எழும்ப வேண்டும். நீலகிரியில் அப்படிப்பட்ட தளம் எங்கே இருக்கிறது என்று தேடினால், பெரும்பாலும் கட்டணம் வாங்கும் உறைவிடப் பள்ளிகளின் வாசலில் போய் நிற்போம். மலையில் சமதளம் வெட்டுவதற்கே பணம் வேண்டும். அந்தத் தளத்தில் யார் ஆடுவார்கள் என்பது மண் வெட்டும்போதே முடிவாகிவிடுகிறது. முதுகலையில் சமூகவியல் படித்தபோது ‘கலாச்சார மூலதனம்’ என்று பூர்தியூ சொன்னதைப் பரீட்சைக்காக எழுதினோம். இங்கே அது சிமெண்டில் போட்டுக் கிடக்கிறது.

அந்தத் தளத்துக்கு எங்கள் லைன் வீட்டிலிருந்து ஒருவர் போனார். அவரைத் தம்பி என்றே எழுதுகிறோம். பெயர் வேண்டாம், பள்ளியின் பெயரும் வேண்டாம். இருக்கிற வேலையும் போய்விடும். தாத்தா தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர். அம்மா இன்றும் கொழுந்து எடுக்கிறார். தம்பி ஏழாம் வகுப்பிலேயே நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டார். ஓர் உடற்கல்வி ஆசிரியர் அதைக் கவனித்து, அரசு விளையாட்டு விடுதித் தேர்வுக்குக் கூட்டிப்போனார். அந்த ஒரு ஆசிரியர் இல்லையென்றால் இந்தக் கட்டுரையே இல்லை. விடுதியில்தான் தம்பி முதன்முதலாக வளையத்தைப் பார்த்தார். பள்ளி அணி, கல்லூரி அணி, பல்கலைக்கழக அணி என்று வந்து, முழங்காலில் தசைநார் கிழிந்ததோடு ஆட்டம் நின்றது. வங்கி, ரயில்வே, போலீஸ் அணிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கவேண்டிய வேலையும் அத்தோடு போயிற்று. தமிழ்நாட்டில் கூடைப்பந்து ஆடி வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் அந்த அணிகளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்தான். பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரையும் தெற்கு ரயில்வேயில் இருந்தவர்தான். அந்த வாசல் அடைபட்டால் மிச்சம் இருப்பது பயிற்சியாளர் வேலை.

ஆறு வாரச் சான்றிதழ் படிப்பை முடித்து, மலையிலுள்ள ஓர் உறைவிடப் பள்ளியில் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். வருடாவருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம். ஏழு வருடம் ஆகிறது.

துணைப் பயிற்சியாளர் என்ன செய்வார்? எங்களுக்கும் தெரியாது, அவர் சொல்லித்தான் தெரியும். காலையில் முதலில் வந்து தளத்தில் தேங்கிய பனித்தண்ணீரைத் தள்ளுவார். பந்துகளுக்குக் காற்று பார்ப்பார். பிறகு ஒவ்வொரு பிள்ளையாக எடுத்துக்கொண்டு, முழங்கை எங்கே நிற்க வேண்டும், மணிக்கட்டு எப்படி மடங்க வேண்டும் என்று நூறு தடவை, இருநூறு தடவை எறிய வைத்து, விழுந்த பந்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார். எதிரணி ஆடியதைச் செல்போனில் படம் எடுத்து வந்து, அவர்களில் யார் இடது கையில் தடுமாறுகிறார் என்று எழுதி வைப்பார். ஆட்டம் நடக்கும்போது யாருக்கு எத்தனை ஃபவுல் என்று எண்ணுவார். ஐந்தாவது ஃபவுலில் ஆட்டக்காரர் வெளியே. ஆட்டத்தின் ஒரு கால் பகுதியில் அணிக்கு நாலு ஃபவுலுக்கு மேல் போனால் எதிரணிக்கு இலவச எறிதல். இந்தக் கணக்கு ஒரு நொடி தப்பினால் ஆட்டம் போய்விடும். தலைமைப் பயிற்சியாளர் சத்தம் போடுவார். துணைப் பயிற்சியாளர் அவர் காதில் கணக்கைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

தம்பி இன்னொன்றும் சொன்னார். சர்வதேச விதிப்படி, ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர்களில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுந்து நிற்கலாம். அது பெரும்பாலும் தலைமைப் பயிற்சியாளர். துணை உட்கார்ந்திருக்க வேண்டும்.

கேட்டதும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் உட்காருகிறவர் ஆண்டை, நிற்கிறவர் அடிமை. இங்கே தலைகீழ். “உட்கார இடம் கொடுத்துட்டாங்கன்னு சந்தோஷப்பட வேண்டியதுதானேடா” என்று எங்களில் ஒருவர் கேலி செய்தார். தம்பி சிரிக்கவில்லை. “அண்ணே, ஏழு வருசமா உட்கார்ந்தே இருக்கேன்” என்றார்.

இந்த ஏழு வருடத்தில் தலைமைப் பயிற்சியாளர் பதவி மூன்று முறை காலியானது. மூன்று முறையும் வெளியிலிருந்து ஆள் வந்தார். மூன்றாவதாக வந்தவர், தம்பி கல்லூரியில் மூத்த ஆட்டக்காரராக இருந்தபோது அவரிடம் ஆட்டம் பழகியவர். “பெற்றோர்களோடு இங்கிலீஷில் பேச வேண்டியிருக்கும்” என்று நிர்வாகத்தில் சொன்னார்களாம். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் தலைமைப் பயிற்சியாளருக்கு அறை. தம்பிக்குப் பிள்ளைகளோடு, பந்து மூட்டையோடு ஹால். யாரும் சாதிப் பெயரைச் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டார்கள். ஆனால் சேர்ந்த முதல் மாதத்திலேயே “உங்க ஊர் எங்கே, அங்கே எந்தப் பக்கம், அப்பா என்ன பண்றார்” என்று மூன்று கேள்வியில் தெரிந்துகொண்டார்கள். நம்மில் வேலைக்குப் போன எல்லோருக்கும் அந்த மூன்று கேள்வி மனப்பாடம்.

இது இந்த மலையில் மட்டும் நடப்பதல்ல. இந்த விளையாட்டு பிறந்த இடத்திலேயே நடந்தது.

1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். பின்னர் அவர் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கே 1933இல் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் வந்து சேர்ந்தார். விளையாட்டைக் கண்டுபிடித்தவரிடமே பாடம் கேட்டார். ஆனால் கறுப்பர் என்பதால் பல்கலைக்கழக அணியில் ஆட அனுமதி இல்லை. ஆட விடாதவர் பயிற்சியாளர் ஆனார். 1944 மார்ச்சில், டர்ஹாம் நகரில், கறுப்பர் கல்லூரி ஒன்றில் அவர் வளர்த்த அணி, டியூக் மருத்துவக் கல்லூரியின் வெள்ளையர் அணியோடு, கதவைப் பூட்டிக்கொண்டு, பார்வையாளர் இல்லாமல் ஆடியது. வெளியே தெரிந்தால் ஆபத்து. 88–44 என்று மெக்லெண்டன் அணி வென்றது. பிறகு 1957, 1958, 1959 என்று தொடர்ந்து மூன்று வருடம் டென்னஸி அணியைத் தேசியப் பட்டம் வெல்ல வைத்தார். கூடைப்பந்துப் புகழ்க்கூடம் 1979இல் அவரைச் சேர்த்துக்கொண்டது, ‘பங்களிப்பாளர்’ என்று. ‘பயிற்சியாளர்’ என்று சேர்த்தது 2016இல். அவர் இறந்து 17 வருடம் கழித்து. ஒரு மனிதர் செய்த வேலைக்கு அதன் சரியான பெயரைச் சொல்ல 37 வருடம் ஆனது.

ஏர்ல் லாயிட் இன்னொருவர். 1950 அக்டோபர் 31 அன்று, என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில் இறங்கிய முதல் கறுப்பின ஆட்டக்காரர். ஓய்வுக்குப் பின் டெட்ராய்ட் அணிக்கு ஆட்டக்காரர்களைத் தேடிக் கொடுத்தார், துணைப் பயிற்சியாளராக இருந்தார், 1971இல் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். தோற்றுக்கொண்டிருந்த அணி அது. அடுத்த பருவத்தில் ஏழு ஆட்டத்திலேயே அவரை நீக்கினார்கள். 22 வெற்றி, 55 தோல்வி என்று அவர் கணக்கு முடிந்துபோனது. ஆனால் அவர் தனக்குத் துணையாக ரே ஸ்காட்டைக் கொண்டுவந்து வைத்திருந்தார். லாயிட்டுக்குப் பின் அந்த அணியை எடுத்த ஸ்காட், 1974இல் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். ஒருவர் ஏறி விழுந்தாலும், விழுவதற்கு முன் இன்னொருவரைத் தூக்கிவிட்டிருந்தார். தம்பியிடம் இதைச் சொன்னபோது லாயிட்டைப் பற்றிக் கேட்கவில்லை. “அந்த ஸ்காட்டை அவர் எப்படிண்ணே செலக்ட் பண்ணார்?” என்றுதான் கேட்டார்.

இந்திய வம்சாவளியில் ராய் ராணா இருக்கிறார். டொரன்டோவில் பள்ளி ஆசிரியராக இருந்து பயிற்சி கொடுத்தவர். 2017இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் கனடா அணி அமெரிக்காவை அரையிறுதியில் தோற்கடித்துத் தங்கம் வென்றது. அதன் தலைமைப் பயிற்சியாளர் அவர்தான். 2019இல் சாக்ரமெண்டோ கிங்ஸ் அணியின் துணைப் பயிற்சியாளர் ஆனார். அதே வருடம் அக்டோபரில் அந்த அணி மும்பையில் வந்து ஆடியது. இந்தியாவில் நடந்த முதல் என்.பி.ஏ. ஆட்டங்கள் அவை. பிறகு 2022இல் ஜப்பானின் கியோட்டோ அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். பள்ளிப் பயிற்சியாளர், பல்கலைக்கழகப் பயிற்சியாளர், தொழில்முறை அணியில் துணை, பிறகு தலைமை. அவருக்குத் துணை என்பது ஒரு படி. சின்ன துரை ஏறுகிற படி. படியே தப்பென்று நாங்கள் சொல்லவில்லை. சிலருக்கு அது படியாகவும் சிலருக்குச் சுவராகவும் இருப்பது ஏன் என்றுதான் கேட்கிறோம்.

இந்தியாவில் அதற்கான பதில் பழையது. பல்வங்கர் பாலுவை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. புனேயில் ஐரோப்பியர் கிளப்பில் தரை உருட்டுகிற வேலைக்குப் போனவர், துரைமார் மட்டைப் பயிற்சி எடுக்க மணிக்கணக்கில் பந்து வீசினார். அவர் கையில் மட்டையைக் கொடுக்கவில்லை. அதுவும் ஒரு துணைப் பயிற்சியாளர் வேலைதான், பெயர் மட்டும் இல்லை. 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். அப்படிப்பட்டவருக்கு இந்துக்கள் அணியில் துணைத் தலைவர் பதவிவரைதான் கிடைத்தது. அவருடைய தம்பி விட்டல் 1923இல்தான் தலைவர் ஆனார். அண்ணன் போட்ட பாதையில் தம்பி நடந்து போய்ச் சேர அத்தனை வருடம்.

இதற்கு நேர் எதிரான காட்சியும் நம்மிடம் உண்டு. தலைவர் பதவி சட்டப்படி நம்மிடம் வந்துவிட்டால், அதிகாரம் உடனே ‘துணை’க்கு இடம் மாறிவிடும். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியலினப் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியானது. அந்த வழக்கில் புகாருக்கு ஆளானவர் துணைத் தலைவர். அதற்கும் முன் 1997இல் மேலவளவு முருகேசனை, தலைவராக வென்ற குற்றத்துக்காகவே வெட்டிக் கொன்றார்கள். நம் கையில் வந்தால் துணை என்பது வேலைக்காரன்; அவர்கள் கையில் இருந்தால் துணை என்பது ஆட்சி. அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கியது இதைத்தான். பதவியின் பெயர் என்னவாக இருந்தாலும், அதில் உட்கார்ந்திருப்பவரின் பிறப்பைப் பார்த்துத்தான் அதன் எடை.

ஆகவே ‘திறமை இருந்தால் மேலே வரலாம்’ என்று எங்களிடம் சொல்ல வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தம்பிக்குத் திறமை இல்லை என்று அந்தப் பள்ளியே சொல்லவில்லை. அவர் எறியக் கற்றுக்கொடுத்த பிள்ளைகள் மாவட்ட அணியில் ஆடுகிறார்கள். கோப்பையோடு எடுத்த படத்தில் அவர் ஓரத்தில் இருக்கிறார். திறமை தேவைப்படுவதால்தான் ஏழு வருடமாக ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறார்கள். அந்தத் திறமைக்கு உரிய பெயரைக் கொடுப்பதில்தான் தடை.

போன வருடம் தம்பி விட்டுவிடுவதாக இருந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை, சம்பளமும் கொஞ்சம் கூடுதல். அம்மா எங்களிடம் வந்து, “மாசாமாசம் வருதே, மலையை விட்டு எறங்க வேண்டாம்னு சொல்லுங்க” என்றார். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை, இறங்கு என்றும் சொல்லவில்லை. கூடைப்பந்து யாருக்காக என்று மட்டும் அவரோடு பேசினோம். அந்தப் பேச்சிலிருந்துதான் சனி, ஞாயிறு காலைப் பயிற்சி தொடங்கியது.

தளம் இல்லை. தோட்டத்தை ஒட்டிய மண் மைதானத்தின் ஒரு மூலையைச் சமப்படுத்தினோம். வெல்டிங் பட்டறையில் 45 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு இரும்பு வளையம் செய்து, இரும்புக் குழாய்க் கம்பத்தில் சரியாக 3.05 மீட்டர் உயரத்தில் வைத்தோம். உயரத்தை மட்டும் தம்பி விட்டுக்கொடுக்கவில்லை. “சின்னப் பிள்ளைங்கதானே, கொஞ்சம் எறக்கிப் போடலாமே” என்று கேட்டோம். “மேலே போய் ஆடும்போது எறக்கித் தருவாங்களாண்ணே?” என்றார். பின்னர், சின்னப் பிள்ளைகளுக்கு என்று தாழ்வாக இன்னொரு வளையத்தைத் தனியாகப் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான்.

இப்போது பதினெட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். பதினொரு பேர் பெண்கள். அதில் ஒரு பணியர் பெண்பிள்ளை; பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காது, இங்கே பந்து கேட்டுக் கத்துகிறது. அங்கே விசில் ஊதி, எழுந்து நின்று, எல்லோர் முன்னாலும் பயிற்சி கொடுக்கிறவர் தம்பிதான். அங்கே அவர்தான் தலைமைப் பயிற்சியாளர். சம்பளம் இல்லாத தலைமை. அதைக் கொண்டாட நாங்கள் தயாராக இல்லை. நம் ஆட்கள் தலைமை ஏற்பதெல்லாம் சேவையாகவும், அவர்கள் ஏற்பதெல்லாம் சம்பளமாகவும் இருப்பது என்ன நியாயம்?

மழை இன்னொரு கதை. ஜூனில் தொடங்கினால் மூன்று மாதம் கூடலூர்ப் பக்கம் தரை காயாது. மண்ணில் பந்து எழும்பாது. சிமெண்ட் போடலாம் என்றால் நிலம் யாருடையது என்ற கேள்வி வருகிறது. 1969 கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் மாட்டிக்கொண்ட நிலங்கள் இந்தத் தாலுகா முழுக்கக் கிடக்கின்றன. அப்படிப்பட்ட நிலத்தில் வீடு கட்டியவர்கள் மின் இணைப்புக்கே வருடக்கணக்கில் அலைகிறார்கள். அங்கே கூடைப்பந்துத் தளம் என்று மனு கொடுத்தால் அதிகாரி நிமிர்ந்து பார்க்கிறார். பட்டா இல்லாதவர்களுக்கு விளையாட்டு ஒரு கேடா என்று அந்தப் பார்வை கேட்கிறது. ஆம், பட்டாவும் வேண்டும், தளமும் வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள் பெரிதல்ல. ஒன்று, ஸ்ரீமதுரை சுற்றுவட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியின் சொந்த நிலத்திலாவது கூரையோடு ஒரு தளம். பட்டியலினத்தவர், பழங்குடியினர் வளர்ச்சிக்கான செயல்திட்டச் சட்டத்தைத் தமிழ்நாடு 2024இல் கொண்டுவந்திருக்கிறது. அந்த நிதியில் விளையாட்டுத் தளத்துக்கும் பயிற்சியாளர் சம்பளத்துக்கும் இடம் கேட்கிறோம். இரண்டு, மலைப் பள்ளிகளில் காலியாக உள்ள உடற்கல்வி ஆசிரியர் இடங்களை நிரப்ப வேண்டும். தம்பியைக் கண்டெடுத்தது ஒரு திட்டம் அல்ல, ஒரு ஆசிரியரின் கண். அந்தக் கண் ஒவ்வொரு பள்ளியிலும் வேண்டும். மூன்று, தனியார் பள்ளிகள் பயிற்சியாளர்களை எந்த அடிப்படையில் எடுக்கிறார்கள், உயர்த்துகிறார்கள் என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். இட ஒதுக்கீடு எட்டாத அந்த வளாகங்களில், ‘இங்கிலீஷ்’, ‘பழக்கவழக்கம்’, ‘பெற்றோர் விருப்பம்’ என்ற சொற்களுக்குப் பின்னால் சாதி வசதியாக உட்கார்ந்திருக்கிறது.

தம்பி இந்த ஜூனில் ஒப்பந்தத்தில் மீண்டும் கையெழுத்துப் போட்டார். துணைப் பயிற்சியாளர் என்றே. அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டும், மறுக்கிற நிலையில் அவர் இல்லை. ஆனால் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் முழுப் பயிற்சியாளர் பட்டயப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறார். கிடைத்தால், அந்த நாட்களில் மண் மைதானத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளையும் தயார் செய்துகொண்டிருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த லைன் வீட்டுப் பெண். ஃபவுல் கணக்கு எழுத, எறிகிற கையைத் திருத்த, விசில் எப்போது ஊத வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார். அந்தப் பெண்ணை என்னவென்று கூப்பிடுவது என்று கேட்டோம். அசிஸ்டென்ட் கோச்சா?

“கோச்னு மட்டும் கூப்பிடுங்கண்ணே” என்றார் தம்பி.